மரத்தடி ஹோஸ்டா வருடா வருடம் சிறுத்துப் போவது ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் மேப்பிள் மரத்தடியில், அகன்ற இலைக்காக வளர்க்கும் ஹோஸ்டா செடி நான்கு வைத்தீர்கள். முதல் வருடம் நன்றாக வந்தது. அடுத்த வருடம் இலை சிறுத்தது. இந்த வருடம் ஒவ்வொரு தூரிலும் ஐந்தாறு இலைதான், அதுவும் உள்ளங்கை அளவுக்கு. ஓரம் கருகியிருக்கிறது, நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. நிழல் அதிகமாகிவிட்டதா, வெயில் படும் இடத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்கிறீர்கள்.

வெயிலுக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன. ஓட்டை ஒரு காரணத்தால், கருகல் இன்னொரு காரணத்தால். ஆனால் செடி வருடா வருடம் சிறுத்துப் போகிறதே, அதுதான் பெரிய நோவு. அதற்கும் மேலே இருக்கும் நிழலுக்கும் அநேகமாகச் சம்பந்தமில்லை. மண்ணுக்குள்ளே மேப்பிளின் வேர் உங்கள் ஹோஸ்டாவின் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இலை விட வேண்டிய ஒரு ரகத்தை மேப்பிள் அடியில் வைத்திருந்தேன். ஐந்தாவது வருடம் அதன் இலை முதல் வருடத்தில் பாதிகூட இல்லை. சரி, எடுத்துவிடலாம் என்று மண்வெட்டியை இறக்கினால் இறங்கவே இல்லை. தேங்காய் நார் மெத்தையை வெட்டுவது போல இருந்தது. சுற்றிலும் அறுத்து ஒருவழியாக மேலே எடுத்துப் பார்த்தபோது மண் உருண்டை முழுக்கப் பழுப்பு நிறத்தில் மயிர் போன்ற சல்லி வேர், எல்லாம் மரத்துடையது. ஹோஸ்டாவின் வேர் வேறு மாதிரி இருக்கும்: வெள்ளையாக, சணல் கயிறு தடிமனில், கிளை அதிகம் இல்லாமல். அது அந்தப் பழுப்பு நாருக்குள் அங்கங்கே நாலைந்து மட்டும் தெரிந்தது. வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஐந்து வருடமாக நான் போட்ட மக்கு உரமும் ஊற்றிய தண்ணீரும் யாருக்குப் போயின என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஹோஸ்டாவுக்காகக் குழி வெட்டி, மண்ணை இளக்கி, உரம் சேர்த்து வைக்கிறோம் இல்லையா, அந்த இடத்தைத்தான் மரவேர் முதலில் தேடி வருகிறது. அதனால்தான் முதல் வருடம் செடி நன்றாக இருந்துவிட்டு அப்புறம் தேய்கிறது.

ஹோஸ்டா எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் தாகம் புரியும். ஜப்பான், கொரியா, சீனா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி, இவைதான் அதன் தாய்மண். அங்கே ஓடைக்கரைகளிலும் ஈரமான மலைச்சரிவுகளிலும் காட்டோரப் புல்வெளிகளிலும் வளர்கிறது. கோடையில் நன்றாக மழை பெய்யும் பிரதேசம். பாறை இடுக்கில், தண்ணீர் சொட்டும் இடத்தில் தொங்கிக்கொண்டு வளரும் இனங்களும் உண்டு. எங்கே இருந்தாலும் வேரைச் சுற்றி ஈரம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் தேங்காது. ஜெர்மானிய மருத்துவர் பிலிப் பிரான்ஸ் வான் சீபோல்ட் ஜப்பானில் பல வருடம் இருந்துவிட்டு 1830 வாக்கில் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது கொண்டுவந்த செடிகளில் ஹோஸ்டாவும் உண்டு. பெரிய நீல இலை ரகங்கள் பலவற்றுக்கும் மூதாதையான சீபோல்டியானா என்ற இனத்தில் அவர் பெயர் இருக்கிறது. ஹோஸ்டா என்ற பேரினப் பெயர் அதற்கு முன்பே, 1812-ல், நிக்கோலஸ் தாமஸ் ஹோஸ்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளரை நினைத்து வைக்கப்பட்டது. இலையின் அகலத்தைப் பாருங்கள். அத்தனை பரப்பிலிருந்தும் பகல் முழுக்க நீர் ஆவியாகிறது. அதை ஈடுகட்ட வேருக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால், அடுத்த வருடம் செடி சின்ன இலை விட்டுத்தான் பிழைக்க முடியும். உங்கள் செடி சிறுத்தது அப்படிப்பட்ட தற்காப்பு.

நிழல் பற்றியும் ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. ஹோஸ்டா நிழலைத் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கும்மிருட்டான இடத்தில் சாகாமல் இருக்கும், ஆனால் தூர் பெருகாது. காலையில் இரண்டு மணி நேரம் இளவெயில், அப்புறம் நாள் முழுக்க இலைகளுக்கு நடுவே சிதறி விழும் ஒளி, இதுதான் பெரும்பாலான ரகங்களுக்குப் பிடித்த இடம். மத்தியான வெயிலும் மாலை வெயிலும் நேராகப் பட்டால் வெந்துவிடும்.

இப்போது மரத்தை என்ன செய்வது? மேப்பிள், பிர்ச், பீச் மூன்றும் மேல்மண்ணில் சல்லி வேரைப் பாய்போல் விரிக்கும் மரங்கள். இவற்றின் அடியில் நேரடியாக மண்ணில் ஹோஸ்டா வைப்பது காலத்துக்கும் போராட்டம். ஓக் மரத்தடி எவ்வளவோ பரவாயில்லை. வால்நட் மரம் மண்ணில் விடும் நச்சில் பல செடிகள் பட்டுப்போகும், ஆனால் ஹோஸ்டா அதைத் தாங்கும். உங்களுக்கு இருக்கும் வழிகளில் முதலாவது, செடிகளை மரத்தின் கிளைகள் கவிந்திருக்கும் எல்லைக்கு வெளியே, ஆனால் மத்தியானத்துக்கு மேல் மரநிழல் விழும் பக்கமாக நகர்த்துவது. வேர் அங்கேயும் வரும், ஆனால் அடர்த்தி குறைவு, மழையும் நேராக விழும். இடம் இருந்தால் இதையே செய்யுங்கள்.

இடம் இல்லையென்றால் தொட்டி. ஹோஸ்டா தொட்டியில் ரொம்ப நன்றாக வளரும். தொட்டியை மரத்தடியில் அப்படியே மண்மேல் வைக்காதீர்கள். அடியில் இருக்கும் ஓட்டை வழியாக ஒரே வருடத்தில் மரவேர் உள்ளே ஏறிவிடும். ஒரு கல் பலகை போட்டு, அதன்மேல் இரண்டு செங்கல் வைத்து, அதற்கு மேல் தொட்டி. தொட்டிக்கும் தரைக்கும் நடுவே காற்று ஓடினால் வேர் ஏறாது, தண்ணீரும் தாராளமாக வடியும்.

இன்னொரு வழியைப் பலர் செய்கிறார்கள், அதைச் செய்யவே கூடாது. மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டி ஒரு அடி உயரத்துக்குப் புது மண் கொட்டி அதில் செடி வைப்பது. மரத்தின் வேருக்குக் காற்று கிடைக்காமல் போகும், அடிமரத்துப் பட்டை ஈரத்தில் அழுகும். இரண்டு மூன்று வருடத்தில் வேர் அந்தப் புது மண்ணுக்குள்ளேயும் ஏறிவிடும். மரத்தையும் கெடுத்து, ஹோஸ்டாவையும் காப்பாற்றாத வேலை அது. மரவேரை வெட்டி எறிவதும் இதே கணக்குதான். விரல் தடிமனுக்கு மேல் உள்ள எதையும் தொடாதீர்கள்.

தண்ணீருக்கு வருவோம். வாரத்துக்கு சுமார் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர், வளரும் காலம் முழுக்க வேண்டும். மழை பெய்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். இலை அடர்ந்த மரத்தடியில் சாதாரணத் தூறல் கீழே வந்தே சேராது. மழை நின்றதும் மண்மேல் பரப்பிய மூடாக்கை விலக்கி விரலை விட்டுப் பாருங்கள், பல நாள் தூசியாக இருக்கும். தினமும் கொஞ்சம் தெளிப்பதும் பயன்படாது. மேலே இருக்கும் மரவேர் அதைக் குடித்துவிடும். வாரம் இரண்டு முறை, குழாயை மெதுவாகத் திறந்து, அரையடி ஆழம் நனையும்வரை விடுங்கள். நெல்லுக்குச் சொல்வதுபோல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது இதற்கு ஒத்துவராது. மண் ஒரே சீராக ஈரமாக இருக்க வேண்டும். காலையில் விடுங்கள், வேரடியில் விடுங்கள். மாலையில் இலைமேல் தெளித்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து, ஓரம் கருகுவது. இலை ஓரமும் நுனியும் மட்டும் காய்ந்து, நடு இலை பச்சையாக இருந்தால் அது தண்ணீர்த் தட்டுப்பாடு. வெயில் பட்டுக் கருகினால் அடையாளம் வேறு: இலையின் மேல்முகத்தில், சூரியனைப் பார்க்கும் இடத்தில், வெளிறி வெள்ளையடித்தது போலாகி அப்புறம் காகிதம்போல் காயும். வெள்ளை நிறம் கலந்த இலைகளில் வெள்ளைப் பகுதிக்குப் பச்சையம் கிடையாது, மெல்லியது, அதுதான் முதலில் காயும். சில ரகங்களுக்குப் பிறவியிலேயே இந்தக் குறை உண்டு. 1936-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு நர்சரி வரிசையில் பிரான்சஸ் வில்லியம்ஸ் என்ற பெண்மணி கண்டெடுத்து, அவர் பெயராலேயே உலகெங்கும் பரவிய ரகம் ஒன்று இருக்கிறது. நீலப்பச்சை இலை, மஞ்சள் விளிம்பு, அவ்வளவு அழகு. ஆனால் வசந்தத்தில் அந்த மஞ்சள் விளிம்பு பழுப்பாகக் கருகும், எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சில வருடம் கருகும். உங்கள் செடி அதுவாக இருந்தால் உங்கள்மேல் தப்பில்லை.

ரகம் வாங்கும்போது இலை நிறத்தைப் பார்த்தாலே எங்கே வைப்பது என்று ஓரளவு தெரிந்துவிடும். நீல இலையின் நீலம் ஒரு மெழுகுப் பூச்சு, உள்ளே இருப்பது பச்சைதான். விரலால் தேய்த்துப் பாருங்கள், திராட்சைப் பழத்தின்மேல் இருக்கும் வெண்பொடி போல வந்துவிடும், அந்த இடம் பச்சையாகத் தெரியும். தேய்த்த இடத்தில் அந்தப் பருவத்தில் மறுபடி வராது, அதனால் ஒரு இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயிலின் சூட்டிலும் தொடர்ந்து கொட்டும் தண்ணீரிலும் அந்த மெழுகு கரைந்து போகும். அதனால் நீல ரகங்களுக்கு நல்ல நிழல். அப்படி வைத்தாலும் கோடை முடிவில் பச்சையாகிவிடும், அது நோய் இல்லை. மஞ்சள், பொன்னிற இலைகளுக்குக் காலை வெயில் வேண்டும், இல்லாவிட்டால் வெளிறிய பச்சையாகவே நின்றுவிடும். வெயிலை ஓரளவு நன்றாகத் தாங்குவது சீனத்திலிருந்து வந்த பிளாண்டாஜினியா இனமும் அதன் வாரிசுகளும். ஹோஸ்டாக்களில் நல்ல மணம் உள்ளது அதுதான். உள்ளங்கை நீளத்துக்கு வெள்ளைப் பூ அந்தி சாயும் நேரத்தில் மலரும். வாசலுக்குப் பக்கத்தில் ஒன்று வையுங்கள். பூவுக்காக ஹோஸ்டா வளர்ப்பவர்கள் குறைவு, ஆனால் இந்த ஒன்றைப் பூவுக்காகவே வளர்க்கலாம்.

சரி, ஓட்டைகள். நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே ஒழுங்கில்லாத ஓட்டையும், இலையிலோ தரையிலோ காய்ந்த பசைபோல் மினுமினுக்கும் தடமும் இருந்தால் ஓடில்லாத நத்தை. பகலில் கண்ணில் படாது. இருட்டிய பிறகு இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் எடுத்துக்கொண்டு போய் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதல் தடவை நான் அப்படிப் பார்த்தபோது ஒரே தூரில் பதினேழு எடுத்தேன், சிலது நகத்தளவுகூட இல்லை. பெரியதைவிட இந்தப் பொடிசுகள்தான் இலையைச் சல்லடையாக்குகின்றன.

இதில் காலம் முக்கியம். எல்லோரும் ஓட்டை தெரிந்த பிறகுதான் மருந்து தேடுகிறார்கள். ஹோஸ்டா இலை வசந்தத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு சுருண்ட கூம்பாக வரும். அந்தக் கூம்பை ஒரு நத்தை ஒரு கடி கடித்தால் அது நாலைந்து சுருளையும் துளைத்துப் போகும். இலை விரிந்ததும் வரிசையாக ஒரே மாதிரி ஓட்டை தெரியும். பெரும்பாலான ரகங்கள் வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் இலைக் கூட்டம் விடும், அதனால் அந்த ஓட்டையோடுதான் நீங்கள் பனிக்காலம் வரை வாழ வேண்டும். ஆகவே முளை மண்ணுக்கு மேல் தலைகாட்டும் வாரத்திலேயே இரும்பு பாஸ்பேட் குருணையை மெல்லியதாகத் தூவுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. குவித்துப் போட வேண்டாம். செடிக்கு வட்டம் போடுவதைவிட அந்தப் பகுதி முழுக்கப் பரவலாகத் தூவுவது நல்லது. மெட்டால்டிஹைட் கலந்த பழைய வகைக் குருணையை வாங்காதீர்கள், நாய்க்கும் முள்ளெலிக்கும் பறவைக்கும் ஆபத்து.

முட்டை ஓடு, செம்புப் பட்டை, கரடுமுரடான சரளை எல்லாம் போட்டுப் பார்த்தேன் என்று நிறையப் பேர் சொல்வார்கள். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி லெட்டூஸ் செடிகளை வைத்துச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டது. செம்புப் பட்டை, சரளை, பைன் பட்டை, கம்பளி உருண்டை, முட்டை ஓடு எதுவுமே நத்தைச் சேதத்தைக் குறைக்கவில்லை. எனக்கும் அவை பலித்ததில்லை. பலித்தது இருட்டில் கையால் பொறுக்குவது, சீக்கிரமே குருணை தூவுவது, காலையில் மட்டும் தண்ணீர் விடுவது. மாலையில் நனைந்த மண் இரவெல்லாம் நத்தைக்கு ராஜபாட்டை. அப்புறம் தடித்த இலை ரகங்களாகத் தேர்ந்தெடுப்பது. சம் அண்ட் சப்ஸ்டன்ஸ், ஹால்சியான், ஜூன், ப்ளூ மவுஸ் இயர்ஸ் போன்றவற்றின் இலை தோல்போல் கனமாக இருக்கும், நத்தைக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மெல்லிய வெள்ளை இலைதான் அதற்கு விருந்து.

ஓட்டை இல்லாமல், கோடையின் பிற்பாதியில் நரம்புகளுக்கு நடுவே நேர்க்கோட்டில் பட்டை பட்டையாகப் பழுப்பு வந்தால் அது இலை நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு, பெரிய நரம்பைத் தாண்டிப் போக முடியாது, அதனால்தான் அந்தக் கோடு அவ்வளவு நேராக இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் அந்த இலைத் துண்டைச் சின்னதாக நறுக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரில் போட்டு, சில மணி நேரம் கழித்து நல்ல உருப்பெருக்கியால் பாருங்கள், வெள்ளை இழைபோல் நெளியும். இலைமேல் தண்ணீர் அடித்தால் ஒரு இலையிலிருந்து இன்னொன்றுக்கு நீந்திப் போய்விடும். மாலைத் தெளிப்பு வேண்டாம் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம். வீட்டுத் தோட்டத்தில் இதற்கு நம்பகமான மருந்து கிடையாது. மோசமாகப் பிடித்த செடியை எடுத்துவிடுவதுதான் மற்றவற்றுக்கு நல்லது. இன்னொன்று, வெக்கையும் ஈரமும் சேர்ந்த நாட்களில் இலைக்காம்புகள் திடீரென்று அடியோடு சாய்ந்து, அந்த இடத்தில் கடுகு போன்ற உருண்டைகள் தெரிந்தால் அது பூஞ்சை அழுகல். செடியையும் சுற்றியுள்ள மேல்மண்ணையும் சேர்த்து அள்ளி அகற்றுங்கள்.

நோய்களில் நான் மிகவும் அஞ்சுவது ஒரு வைரஸ். ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்று பெயர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1996-ல் அடையாளம் கண்டார்கள். மஞ்சள் இலையில் நரம்போரமாகப் பச்சை மை ஒழுகிப் பரவியது போல இருக்கும், அல்லது பச்சை இலையில் வெளிறிய திட்டுகள், தொட்டால் சொரசொரப்பாக. ஆரம்பத்தில் இதை அழகான புது ரகம் என்று நினைத்துப் பெயர் வைத்தே விற்றிருக்கிறார்கள். அப்படி வந்த ஒன்றை நானும் பணம் கொடுத்து வாங்கினேன். விற்ற நர்சரிக்கே அது நோய் என்று தெரியாது. இரண்டு வருடம் ஆசையாக வளர்த்தேன், அதே கத்தரிக்கோலால் மற்ற செடிகளின் பூந்தண்டுகளையும் வெட்டினேன். பூச்சியால் பரவுவதில்லை, சாற்றால் பரவுகிறது. கத்தி, கத்தரிக்கோல், மண்வெட்டி, நம் விரல் நகம், எதில் சாறு ஒட்டியிருந்தாலும் அடுத்த செடியின் காயத்துக்குள் போய்விடும். தொற்றிய செடி பல மாதம், சிலசமயம் வருடக்கணக்கில்கூட அடையாளமே காட்டாமல் இருக்கும். கடைசியில் ஆறு செடிகளை வேரோடு எடுத்துக் குப்பையில் போட்டேன். அவற்றில் ஒன்று பத்து வருடத்துத் தூர்.

மருந்து இல்லை. அதனால் ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ப்ளீச் கலந்த தண்ணீரில் முக்குங்கள், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். கடையில் ஒரே ரகத்தின் தொட்டிகள் வரிசையாக இருந்தால் பத்தையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் மை ஒழுகல் இருந்தாலும் அந்த வரிசையிலிருந்து எதையும் வாங்காதீர்கள். நோய்ச் செடி இருந்த இடத்தில் துண்டு வேர் உயிரோடு இருக்கும்வரை வைரஸும் இருக்கும். அந்த வேர் முற்றிலும் மக்கும்வரை அங்கே ஹோஸ்டா வேண்டாம், வேறு ஏதாவது வையுங்கள்.

இனி நடுவதும் தூர் பிரிப்பதும். உங்கள் செடிகளை மாற்ற ஏற்ற காலம் இரண்டு. வசந்தத்தில் முளைகள் சுருண்ட கூம்பாக இருக்கும்போது, அல்லது கோடை முடிந்து வெக்கை தணிந்த பிறகு, முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பாக. நான் இரண்டாவதையே விரும்புகிறேன். இலை வளர்ச்சி முடிந்துவிட்டது, மண் இன்னும் சூடாக இருக்கிறது, செடி தன் பலத்தையெல்லாம் வேருக்குக் கொடுக்கும். குழியை ஆழத்தைவிட அகலத்துக்கு வெட்டுங்கள், ஹோஸ்டா வேர் பக்கவாட்டில்தான் ஓடும். ஒரு அடி ஆழம் போதும், அகலம் இரண்டடியோ மூன்றடியோ இருக்கட்டும். மட்கிய இலையும் மக்கு உரமும் மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கலந்து, நடுவில் மேடு கட்டி, அதன்மேல் வேரைக் குடைபோல் விரித்து வையுங்கள். முளை கிளம்பும் அந்தக் கழுத்துப் பகுதி மண்மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும்.

உங்கள் செடிகள் இப்போது இருக்கும் நிலையில் அவற்றைப் பிரிக்காதீர்கள், நோஞ்சானை இரண்டாகப் பிளந்தால் இரண்டு நோஞ்சான்தான் கிடைக்கும். அப்படியே முழுசாக எடுத்து, மரவேரைக் கழுவி நீக்கி, வையுங்கள். நன்றாக இருக்கும் ஹோஸ்டாவைப் பிரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சில செடிகளை நாலு வருடத்துக்கு ஒருமுறை பிரிக்காவிட்டால் நடு காய்ந்துவிடும், ஹோஸ்டா அப்படி இல்லை. பெரிய ரகங்கள் முழு உருவத்துக்கு வர ஐந்திலிருந்து ஏழு வருடம் எடுக்கும், பிரித்தால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. நண்பருக்குக் கொடுக்க ஒரு துண்டு வேண்டுமென்றால் கேக் வெட்டுவது போல ஓரத்தில் ஒரு கூறை மண்வெட்டியால் அறுத்து எடுத்து, பள்ளத்தில் மண் நிரப்பிவிடுங்கள், தாய்ச்செடிக்கு ஒன்றும் ஆகாது. வண்ணம் கலந்த ரகத்தில் ஒரு கண், அதாவது ஒரு முளை, மட்டும் முழுப் பச்சையாக வந்தால் அதை உடனே அடியோடு அறுத்தெடுங்கள். பச்சைக்கு பலம் அதிகம், விட்டால் தூர் முழுக்க அதுவே ஆக்கிரமித்துவிடும்.

உரம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வசந்தத்தில் ஒரு முறை மக்கு உரம் இரண்டு விரல் கனத்துக்கு, வேண்டுமானால் ஒரு பிடி சமச்சீர் உரம். கோடையின் நடுவுக்கு அப்புறம் எதுவும் வேண்டாம். மூடாக்கு இரண்டங்குலம் போதும், கழுத்தை ஒட்டிப் போடாதீர்கள். தடிமனாகப் போட்டால் நத்தைக்கும் வேர் தின்னும் குட்டைவால் எலிக்கும் வீடு கட்டிக் கொடுத்ததாகும். அந்த எலி உள்ள இடங்களில் குழிக்குள் கம்பிவலைக் கூடை வைத்து நடுவதுதான் வழி. மான் வந்தால் ஒரே இரவில் காம்பு மட்டும் மிஞ்சும், வேலி தவிர நிரந்தரத் தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை. வீட்டில் நாய், பூனை இருந்தால் கவனம், ஹோஸ்டாவில் உள்ள சபோனின் அவற்றுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும்.

குளிர்காலம் ஹோஸ்டாவுக்கு எதிரி கிடையாது, தேவை. சுமார் 600, 700 மணி நேரமாவது 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறங்கினால்தான் அடுத்த வசந்தத்தில் ஒழுங்காக முளைக்கும். குளிரே இல்லாத பகுதிகளில் இருப்பவர்கள் ஆசைப்பட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் இருக்கும், அடுத்த வருடம் மெலியும், மூன்றாம் வருடம் காணாமல் போகும். அது அவர்கள் கைக்குறை இல்லை, செடிக்கு உறக்கம் கிடைக்கவில்லை. பிளாண்டாஜினியா வழி ரகங்கள் மட்டும் சற்றுக் குறைந்த குளிரிலும் ஒப்பேற்றும். குளிர்ப் பகுதிகளில், தரையில் உள்ள செடியைப் பற்றிக் கவலையே வேண்டாம். தொட்டிச் செடிக்குப் பனியைவிட ஈரம்தான் ஆபத்து. நனைந்த மண் உறைந்து உருகி, உறைந்து உருகி, கழுத்து அழுகிவிடும். இலை விழுந்ததும் தொட்டியை மழை படாத, சூடில்லாத இடத்துக்கு நகர்த்துங்கள், அல்லது பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். வசந்தத்தில் இலை விரிந்த பிறகு வரும் தாமதப் பனிதான் உண்மையான சேதம் செய்யும். அப்படி முன்னறிவிப்பு இருந்தால் இரவு ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். இலையுதிர் காலத்தில் மஞ்சளாகித் தொய்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அகற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த வருடத்து நத்தை முட்டையும் நூற்புழுவும் அந்தக் குப்பையிலும் அதன் அடியிலும்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

உங்களுக்கு இந்த வருடத்து வேலை இவ்வளவுதான். இப்போதைக்கு வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர், இரவில் டார்ச். வெக்கை தணிந்ததும் நான்கில் மோசமான ஒன்றை முதலில் தோண்டுங்கள். மரவேர் பின்னிக் கிடந்தால் மற்ற மூன்றையும் எடுத்து, இரண்டைக் கிளை எல்லைக்கு வெளியேயும் இரண்டைச் செங்கல்மேல் தொட்டியிலும் வைத்துப் பாருங்கள், எது உங்கள் இடத்துக்குச் சரி என்று தெரிந்துவிடும். தோண்டும்போது மரவேரே இல்லாமல், ஹோஸ்டா வேர் பழுப்பாகக் கூழ்போல் கையில் வந்தால் நான் சொன்னது தப்பு, உங்கள் மண்ணில் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். அப்படியானால் அழுகியதை வெட்டிவிட்டு, வடிகால் உள்ள தொட்டியில் மட்டும் வையுங்கள். அடுத்த வசந்தத்தில் இலை பெரிதாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் வேர் பிடிக்கும், கண்களின் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடியிருக்கும். கூம்புகள் வெளியே வரும்போது எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இலையின் அகலம் அதற்கடுத்த வருடம்தான் திரும்பி வரும்.